சிறுநீரகத்தோடு நின்றுபோன பாடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை காலை. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், மடியில் ஒரு சின்னப் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் என் மகளின் கண்ணாடி இருந்தது. ஆபரேஷன் செய்யும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடி அது. முன்னால் இரண்டு குட்டி பூதக்கண்ணாடிகள் துருத்திக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் அதை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். வியாழக்கிழமை பெரிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்று போனில் சொன்னாள். யாரும் அகப்படவில்லை. நானே கிளம்பிவிட்டேன்.

அப்பா மகளுக்குக் கண்ணாடி கொண்டுபோனதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவள் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்து நாலு வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை ஒரு நாள்கூட நான் அங்கே காலடி வைத்ததில்லை. காரணத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் சித்தூரில் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியனாக இருந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கண்டிப்பானவன் என்று பெயர். படம் வரைந்து பாடம் நடத்துவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எட்டாம் வகுப்பில் கழிவு நீக்க மண்டலம் என்று ஒரு பாடம் வரும். அவரை விதை மாதிரி இரண்டு சிறுநீரகங்களைக் கரும்பலகையில் அழகாக வரைவேன். குறுக்குவெட்டுத் தோற்றம், ரத்தக் குழாய்கள் எல்லாம் சிவப்பு, நீலச் சாக்பீஸில் வரும். அதற்குக் கீழே போகவேண்டிய இடம் வந்ததும் சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வேன். "மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்பேன். பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எத்தனையோ வருடம் அந்தப் பாடத்தை நான் அப்படித்தான் நடத்தினேன்.

என் மகளும் என்னிடம்தான் எட்டாம் வகுப்பு படித்தாள். நான் விட்ட மீதியை அவள் தானே படித்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து, அறுவை மருத்துவம் படித்தாள். அந்த வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். பிறகு யூராலஜி. அதிலும் அடுத்தபடியாக வெளியூர் போய் இன்னொரு தனிப் பயிற்சி. சிறுநீர்ப் பாதை அடைத்துப்போனவர்கள், விபத்தில் உள்ளே கிழிந்துபோனவர்கள், பிரசவத்தாலோ ஆபரேஷனாலோ அடிவயிற்று உறுப்புகள் கெட்டுப்போன பெண்கள், இவர்களுக்கெல்லாம் உடைந்ததைத் திரும்பக் கட்டிக்கொடுக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் அபூர்வம் என்று மற்ற டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கோ அவள் என்ன டாக்டர் என்று யாராவது கேட்டுவிடக்கூடாதே என்று இருந்தது.

வேலூர்ப் பக்கமிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பையனின் அம்மா காபியைக் குடித்துக்கொண்டே, "ஆம்பளைங்களையும் பாக்குமா?" என்று கேட்டார். பார்ப்பாள் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தவர்கள் திரும்பி வரவில்லை. அன்று மகளிடம், "கிட்னி டாக்டர்னு சொல்லிட்டா என்னம்மா?" என்று கேட்டேன்.

"நைனா, கிட்னிக்கு வேற டாக்டருங்க இருக்காங்க. நான் அதுக்குக் கீழ பாக்குறவ. நீ எட்டாங்கிளாஸ்ல நிறுத்துன எடத்துலருந்துதான் என் வேலையே ஆரம்பம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிறகு அவளே ஒரு மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை ஆபரேஷன் தியேட்டரிலேயே அவளைத் தெரிந்துகொண்டவர் என்பதால், கேட்பதற்கு அவருக்குக் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் காணிக்கையைக் கவரில் போட்டு, என்ன காரியத்துக்காக என்று மேலே எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் சபைச் செயலாளர் அதை மைக்கில் வாசிப்பார். வெகு காலமாக நான்தான் செயலாளர். எழுதத் தயங்குகிறவர்களுக்குக் கவர்மேல் எழுதிக்கொடுப்பதும் நான்தான். மகள் பயிற்சி முடித்துத் திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்ததும் நானும் ஒரு கவர் எழுதினேன். "என் மகள் சிறுநீரக மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்ததற்காக." சிறுநீர் என்று எழுதவேண்டிய இடத்தில் சிறுநீரகம் என்று எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். நானே கணீரென்று வாசிக்கவும் செய்தேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தாள். என் பழைய மாணவி. நாற்பதைத் தாண்டியிருப்பாள். ஒரு வருடமாக அவள் கடைசி வரிசைக்கும் பின்னால், பக்கவாசலை ஒட்டித் தனியாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவதையும், கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவதையும் நான் கவனித்திருந்தேன். அவள் கிட்டே வந்தால் பவுடர் வாசனை தூக்கலாக இருக்கும். அதற்கடியில் வேறொரு வாசனையும் இருக்கும்.

"சார், பாப்பா இன்னா டாக்டரு சார்?" என்று கேட்டாள்.

"கிட்னிம்மா."

"கிட்னி மட்டுந்தானா சார்? கர்ப்பப்பை எடுத்தாங்க சார், போன வருஷம். அதுலருந்து..." என்று இழுத்தாள்.

"கிட்னிதாம்மா" என்றேன்.

"கிட்னி நல்லாகீதுன்னு டெஸ்ட்ல சொல்லிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் எதைக் கேட்க வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை என்று எழுதினால், இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு பொய்யைச் சொன்னவன் ஆவேன். புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியிருந்தால் போதும். அந்த வார்த்தையை ஆலய வாசலில், நாலு பேர் போய் வருகிற இடத்தில், ஒரு பெண்ணிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. சில மாதங்களில் அவள் ஆலயத்துக்கு வருவதே நின்றுபோனது. செயலாளர் என்ற முறையில் நான் விசாரித்திருக்கவேண்டும். விசாரிக்கவில்லை.

அதற்கப்புறம் நாலு வருடம். அந்தப் புதன்கிழமை. பேருந்து காணிப்பாக்கம் கிராஸ், சந்திரகிரி என்று நின்று நின்று திருப்பதி போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிட்டது. ஓ.பி.யில் மகளின் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "மூத்ரம் டெஸ்ட் இச்சின வாள்ளு இட்டு ரண்டி!" என்று ஒரு நர்சம்மா தெலுங்கில் கூவினார். டெஸ்ட்டுக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் சாதாரணமாக எழுந்து அவர் பக்கம் போனார்கள். தெலுங்கில் மூத்ரம், தமிழில் மூத்திரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப முடியாத வார்த்தை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன், என் வகுப்புப் பெண்களைப் போல.

பக்கத்தில் இருந்தவர் லாரி டிரைவர், சூளூர்பேட்டைக்காரர். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. லாரி மேலிருந்து விழுந்து, அடிபட்ட இடம் உள்ளே சுருங்கி அடைத்துப்போய், ஒரு வருடம் வயிற்றில் குழாயும் இடுப்பில் பையுமாக அலைந்தாராம்.

"பெருசு, இங்க பாரு" என்று வாயைத் திறந்து கன்னத்தின் உள்பக்கத்தைக் காட்டினார். "இங்கருந்து தோலை எடுத்து மேடம் எனக்குப் புது பைப்பு போட்டாங்க. வாய் ஆறுமா மேடம்னு கேட்டேன். நீ பேசுற பேச்சுக்கு ஒரே வாரத்துல ஆறிடும்னாங்க. ஆறிப்போச்சு! பையும் போச்சு. இப்ப மறுபடி லாரி ஓட்டிக்கினுகீறேன். வழியில எறங்கி ஆம்பளை மாதிரி நின்னுக்கினு போறேன் பெருசு, அது எவ்ளோ பெரிய விசயம்னு பை மாட்டினவனுக்குத்தான் தெரியும்."

கன்னத்துத் தோலில் சிறுநீர்ப் பாதை. கையில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தேன். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதானே தைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மேடம் என் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சார்! நீங்களா? உங்களுக்கும் ஒழுகுதா சார்?"

அந்தப் பெண்தான். இளைத்து, நரைத்து, மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு இருந்தாள். நாற்காலியில் ரெக்சின் துண்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லம்மா. இதைக் குடுக்க வந்தேன். மேடம் என் பொண்ணு."

அவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு கணக்கு போடுகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்க பாப்பா கிட்னி டாக்டரு இல்ல?"

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கி கேட் கிட்ட கேட்டன்ல சார்? கிட்னின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"நாலு வருசம் சார்" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன், அவள் திட்டவில்லை.

பிறகு அவளே எழுந்து வந்து, எனக்கு ஒரு நாற்காலி தள்ளி ரெக்சினை விரித்து உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டே இருந்திருக்கிறது. கல்யாணம், கருமாதி எங்கும் போவதில்லை. பேருந்தில் ஏறுவதில்லை. மாம்பழக் காலத்தில் மட்டும் பழக்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவாளாம்.

"அங்க தரையெல்லாம் எப்பவும் தண்ணி விட்டுக்கினே இருப்பாங்க சார். யார் கால்ல இன்னா ஈரம்னு தெரியாது. அங்க மட்டுந்தான் நானும் எல்லாரு மாதிரி நின்னுக்கினு இருப்பேன்."

பக்கத்தில் நின்று மாம்பழம் வெட்டுகிற பெண் ஒருத்திக்கும் இதே கஷ்டம் இருந்து, திருப்பதியில் ஒரு லேடி டாக்டர் சரிசெய்திருக்கிறார். அவள் சொல்லித்தான் இவள் வந்திருக்கிறாள். வியாழக்கிழமையின் பெரிய ஆபரேஷன் இவளுக்குத்தான். நான் சுமந்து வந்த கண்ணாடியும் இவளுக்காகத்தான்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி கேண்டீனில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவரில் எழுதியது, கேட்டுக்குப் பக்கத்தில் சொன்னது, புரிந்தே சொன்னது. அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே லேட்டாதான் வர்றாங்க நைனா. வழியில யாரோ ஒருத்தர் அவங்களுக்குக் கிட்னின்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. அந்த யாரோ ஒருத்தர் நம்ம வீட்டுலயே இருப்பாங்கன்னு நான் நெனைக்கல."

கை கழுவிக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "கீறல் இல்லாம கொண்ணாந்துட்ட" என்று சொல்லிப் போய்விட்டாள். பதின்மூன்று வருடம் மருத்துவம் படித்தவளின் தொழிலை ஒரு வார்த்தையால் மூடி வைத்தவன், கண்ணாடியை மட்டும் கீறல் படாமல் கொண்டுபோயிருந்தேன்.

அன்று நான் ஊர் திரும்பவில்லை. மறுநாள் தியேட்டருக்கு வெளியே அந்தப் பெண்ணின் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரத்துக்குமேல் ஆனது. மகள் வெளியே வந்தபோது, கண்ணாடி அழுத்திய தடம் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகப் பதிந்திருந்தது. தம்பியிடம் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினாள். மூத்திரப்பை, அதன் பின்பக்கம் இருந்த ஓட்டை, நடுவில் வைத்துத் தைத்த திசு, எல்லாம் நாலே கோட்டில். நான் அவரை விதை வரைந்த அதே கைவாகு. நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே அவள் கை தயங்காமல் போனது. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துக் குழாய் எடுக்கிற நாளில், அந்தப் பெண்ணும் தம்பியும் என்னையும் கூட வரச் சொன்னார்கள். குழாயை எடுத்ததும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார் நர்சம்மா. பழக்கதோஷத்தில் ரெக்சினை விரிக்கப் போனவளை அவர், "அதி ஒத்தம்மா" என்று தடுத்து, பிடுங்கி வைத்துக்கொண்டார். வெறும் நாற்காலியில் ஓரமாக, பயந்துகொண்டே உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபித்தாளோ என்னவோ. ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து, திரும்பி, நாற்காலியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"காஞ்சிகீது சார்."

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் என்ன என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அந்த உள்ளங்கையைப் பார்த்து ஒரு தலையசைப்பு. உடனே அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவளுக்கு அது அன்றாட வேலை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் காணிக்கைக் கவர்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னன்னு எழுதட்டும்மா?"

"மூத்திரம் ஒழுகினது நின்னதுக்காகன்னு."

என் பேனா நின்றது. "சரீர சுகத்துக்காகன்னு போட்டுடலாமா?" என்று கேட்டேன். அத்தனைக்கும் பிறகும் கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க. அப்புறம் அடுத்தவளுக்கு எப்படித் தெரியும்? உங்களால முடியலன்னா பேனாவ குடுங்க, நானே எழுதிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தா மார்க்கைக் கொறச்சிக்கோங்க."

எழுதினேன். அவள் சொன்னபடியே, நல்ல கையெழுத்தில். அவள் போன பிறகு எனக்கும் ஒரு கவர் எடுத்து எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனையில் மைக்கைப் பிடித்தேன். பிள்ளை பிறந்ததற்கு, வீடு கட்டியதற்கு, பரீட்சையில் பாஸானதற்கு என்று கவர்களை வாசித்துக்கொண்டே வந்தேன். அவள் கவர் வந்தது. அவள் பெயரை வாசித்து, "ஐந்து வருடமாக மூத்திரம் ஒழுகிக்கொண்டிருந்தது ஆபரேஷனால் நின்றதற்காக" என்று வாசித்தேன். எங்கோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். யாரோ அவனை அதட்டினார்கள். பிறகு என் கவர். "திருப்பதியில் சிறுநீர்ப் பாதை அறுவை மருத்துவராக இருக்கும் என் மகளுக்காகவும், அவளுடைய தொழிலை இத்தனை வருடம் இந்தச் சபையில் தவறாகச் சொல்லி வந்த என்னை அவள் பொறுத்துக்கொண்டதற்காகவும்." வாசித்து முடித்து மைக்கைக் கீழே வைத்தேன்.

அன்று அந்தப் பெண் மூன்றாவது வரிசையில், மர பெஞ்சில், இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை இருந்தாள்.

வெளியே வந்ததும் என் வயதுக்காரர் ஒருவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால், மருமகளோடு ஒரு பெண். கொஞ்சம் தள்ளி இன்னொருத்தி. எல்லாருக்கும் ஒரே கேள்வி: பாப்பாவுக்கு என்றைக்கு ஓ.பி.?

அந்த வாரம் புதன்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள். "சித்தூர்லருந்து இன்னிக்கி நாலு பேரு வந்தாங்க நைனா. ஹெட்மாஸ்டர் சார் சர்ச்ல மைக்குல சொன்னாருன்றாங்க. இன்னா பண்ணி வச்சிருக்க?"

"விட்ட பாடத்தை நடத்தினேன்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இப்போது பேருந்தில் யாராவது உங்கள் மகள் என்ன டாக்டர் என்று கேட்டால், டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பதில் சொல்கிறேன். என் வாயில் வராமல் போன ஒரு வார்த்தைக்காக ஒருத்தி நாலு வருடம் ஈரத்தில் நின்றாள் என்பதும், அந்த ஈரத்தைக் காயவைத்தது என் மகளின் கை என்பதும் எனக்கு எப்போதும் ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன.